சின்ன மாத்திரை

கொல்லையில் கட்டிக்கொண்டிருந்த அறைக்கு ஹர்தோயோ "ஓய்வறை" என்று பெயர் வைத்திருந்தான். அதற்கு ஜன்னல் இல்லை. தாழ்ப்பாள் வெளிப்பக்கம். கதவை இரும்பில் செய்யச் சொல்லியிருந்தான். அதற்குள் ஓய்வெடுக்கப் போகிறவன் அவன் மைத்துனன் வியோனோ என்பதும், வியோனோ தன் காலால் அதற்குள் போகப்போவதில்லை என்பதும் ஊருக்கே தெரியும். யாராவது கேட்டால் ஹர்தோயோ முகத்தை உருக்கமாக வைத்துக்கொண்டு, "பாவம், பையனுக்கு அமைதி வேணும்ல?" என்பான்.

அந்த உருக்கமான முகத்தைப் பார்த்தாலே அவன் மனைவி குஸ்ரினிக்குப் பற்றிக்கொண்டு வரும். கல்யாணமான புதிதில் அதை அன்பு என்று நம்பித் தொலைத்திருந்தாள். தன் செல்போன் கடையில் ரீசார்ஜ் செய்ய வருகிறவர்களிடமும், துக்கவீட்டிலும், ஓட்டு கேட்டு வருகிறவர்களிடமும் அவன் அதே முகத்தைத்தான் காட்டுகிறான் என்பது பிற்பாடு தெரிந்தது.

வியோனோ அவளுடைய ஒரே தம்பி. பள்ளிக்கூடத்துக் காலத்திலிருந்தே ஊர் மூங்கில் குதிரை ஆட்டக் குழுவில் ஆடி வந்தவன். மூங்கிலில் முடைந்த குதிரையைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, பறையும் குழலும் ஏற ஏறக் குதிப்பார்கள். ஒரு கட்டத்தில் ஒருவனுக்கு ஆவி இறங்கும். கண் செருகும், கழுத்து முறுக்கும், கண்ணாடிச் சில்லைக் கடிப்பான், தேங்காயைப் பல்லால் உரிப்பான். கூட்டம் காசு வீசும். ஆவியை இறக்குவதும் ஏற்றி அனுப்புவதும் கிமுன் என்ற கிழவரின் பொறுப்பு. கையில் சாட்டை, வாயில் கிராம்பு சிகரெட், இடுப்பில் ஒரு தாயத்துக் கடையே தொங்கும்.

போன வருஷம் வியோனோவுக்குக் குரல் கேட்க ஆரம்பித்தது. அவன் செய்வதையெல்லாம் பக்கத்தில் நின்று ஒருவன் நையாண்டி செய்வது போல. "இப்பப் பாரு, செருப்ப மாட்றான். மாட்டத் தெரியுதா பாரு மூதேவிக்கு." கிமுன் மூன்று வெள்ளிக்கிழமை தண்ணீர் ஊதிக் கொடுத்தார். குரல் அவரையும் சேர்த்து நையாண்டி செய்ததுதான் மிச்சம். கடைசியில் குஸ்ரினி யாரையும் கேட்காமல் தம்பியை ஸ்கூட்டரில் ஏற்றி அரசாங்க சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனாள். அங்கே நிங்ரும் என்ற இளம் டாக்டரம்மா இரண்டு வகை மாத்திரை எழுதிக் கொடுத்தாள். ஒன்றின் பெயர் ஹாலோபெரிடால். இன்னொன்றின் பெயர் குஸ்ரினியின் வாயில் நுழையவில்லை. அதனால் பெரிய மாத்திரை, சின்ன மாத்திரை என்று அவளே பெயர் வைத்துக்கொண்டாள். அளவில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். வேலையில்தான் ஒன்று பெரிது.

அந்த வேலை என்ன என்று தெரிந்தால்தான் பின்னால் நடந்தது புரியும்.

மூளைக்குள் சேதி கொண்டுபோகும் சரக்குகள் பல. அவற்றில் ஒன்று டோபமைன். அது பார்க்கும் வேலைகளில் ஒன்று, "இது முக்கியம், இதைக் கவனி" என்று முத்திரை குத்துவது. பசித்தவனுக்கு வறுத்த வேர்க்கடலை வாசனை வந்தால் முத்திரை விழ வேண்டும். விழுந்தால்தான் திரும்பிப் பார்ப்பான். வியோனோவின் தலையிலோ முத்திரை குத்துகிறவனுக்கு வெறி பிடித்துவிட்டது. எதிர்வீட்டுக்காரன் தும்மினாலும் குத்து. மனதுக்குள் ஓடும் சொந்த யோசனைக்கும் குத்து. இத்தனை குத்து வாங்கிய யோசனை சும்மா யோசனையாக இருக்குமா? யாரோ வெளியிலிருந்து பேசுவது போலக் கனத்து வந்து நிற்கிறது. பெரிய மாத்திரை, டோபமைன் சேதி போய்ச் சேரும் வாசல்களில் போய் உட்கார்ந்துகொள்ளும். சேதி வரும், வாசல் அடைத்திருக்கும். குரல் அன்றைக்கே ஓடிப்போகாது. வாரக்கணக்கில் மெல்ல மெல்ல அதன் அதிகாரம் தளரும். கத்தியது முணுமுணுக்கும். முணுமுணுப்பதைக் கேட்டும் கேட்காதது போல இருக்க முடியும்.

ஆனால் மாத்திரைக்குத் தெரு வித்தியாசம் தெரியாது. குரல் இருக்கிற தெருவில் மட்டும் வாசலை அடை, மற்றதை விட்டுவிடு என்றால் கேட்காது. கைகால் அசைவை ஒழுங்கு பண்ணுகிற இடத்திலும் அதே டோபமைன்தான் வேலை பார்க்கிறது. அங்கே அது தராசின் ஒரு தட்டு. எதிர்த்தட்டில் அசெட்டில்கோலின் என்று இன்னொரு சரக்கு. இரண்டும் சமமாக நின்றால் கை வேண்டிய இடத்துக்குப் போகும், கழுத்து வேண்டிய பக்கம் திரும்பும். பெரிய மாத்திரை டோபமைன் தட்டை லேசாக்கிவிட்டால் எதிர்த்தட்டு அழுந்தும். தசைகள் தம் இஷ்டத்துக்கு இறுகும், முறுக்கும். சின்ன மாத்திரை அந்த எதிர்த்தட்டிலிருந்து கொஞ்சம் அள்ளி எடுத்துவிடும். தராசு நேராகும். சின்ன மாத்திரை நோய்க்கு மருந்தே இல்லை. அது மருந்துக்கு மருந்து.

இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டு வியோனோ ஓரளவு தேறினான். முகம் பலகை போல ஆனது, சிரிப்பு அரை நொடி தாமதமாக வந்தது, வாய் வறண்டது, கழிப்பறையில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தான். ஆனாலும் ஆட்டத்துக்குத் திரும்பினான். சாயங்காலத்தில் மட்டும் குரல் இன்னும் வந்துகொண்டிருந்ததால், டாக்டரம்மா பெரிய மாத்திரையின் அளவைக் கூட்டினாள். "சின்னதையும் விடாம சேத்துக் குடுங்க" என்றாள். ஏன் என்று சொல்லவில்லை. வாசலில் நாற்பது பேர் நின்றார்கள்.

இதெல்லாம் நடக்கும்போதே ஹர்தோயோ கெடு வைத்துவிட்டான். ஊர்த்தலைவர் பேரனுக்குச் சுன்னத்து விருந்து. அதில் குதிரை ஆட்டம்.

"அன்னிக்கு ஒழுங்கா ஆடிட்டு வரட்டும். கதவு மாட்டல. ஏதாச்சும் கோமாளித்தனம் பண்ணி என் மானத்த வாங்கினான்னா, அன்னிக்கே உள்ள."

"உங்க மானம் எவ்ளோ பெருசுன்னு இப்பத்தான் தெரியுது. அத வைக்க ஒரு அறையே கட்டறீங்க" என்றாள் குஸ்ரினி.

ஹர்தோயோ ஊர்ப் போதை ஒழிப்புக் குழுவின் தலைவன். அதற்காகக் கொடுத்த கறுப்பு மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு நிலைக்கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தான். அந்தச் சட்டையை அவளைத் துவைக்கவே விடமாட்டான். முதுகில் இருக்கும் எழுத்து அழிந்துவிடுமாம்.

விருந்துக்குச் சில நாள் முந்தி, குஸ்ரினி சமையலறை அலமாரியில் மாத்திரை டப்பாவைத் திறந்தாள். பெரிய மாத்திரை இருந்தது. சின்ன மாத்திரை அட்டைகள் ஒன்றுகூட இல்லை.

"நான்தான் எடுத்தேன்" என்றான் ஹர்தோயோ, நிமிர்ந்து நின்று. "என் வீட்டுக்குள்ளயே கொப்லோ! நல்லவேளை போலீஸ்காரன் கண்ணுல படல."

கொப்லோ என்றால் அந்தப் பக்கத்துப் பையன்கள் பாலத்துக்கடியில் கைநிறையப் போட்டுக்கொள்ளும் மலிவான போதை மாத்திரை. சொல்லப்போனால் அவன் முழுப்பொய் சொல்லவில்லை. சின்ன மாத்திரையைப் பத்து இருபது என்று விழுங்கினால் தலை கிறுகிறுக்கும், இல்லாததெல்லாம் தெரியும். அதனாலேயே திருட்டுச் சந்தையில் அதற்கு மவுசு. அதனாலேயே சுகாதார நிலையத்தில் பூட்டி வைத்து எண்ணிக் கொடுக்கிறார்கள். அரைகுறை உண்மை கையில் கிடைத்த மூடனைவிட ஆபத்தானவன் கிடையாது. முழுப்பொய்யென்றால் யாராவது தட்டிக் கேட்பார்கள்.

"அது டாக்டர் குடுத்தது."

"டாக்டருக்கு என்ன தெரியும்? கமிட்டிப் பயிற்சியில எங்களுக்குப் படம் போட்டே காட்டினாங்க."

"எங்க அது இப்ப?"

ஊர்ச் சாவடியில் விழிப்புணர்வுப் பலகையில் இருந்தது. குண்டூசி குத்தி, கீழே "இளைஞர்களின் எமன்" என்று சிவப்பு மையில் எழுதி. பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் வந்து பார்த்துவிட்டுப் போனார்களாம். போதாக்குறைக்கு, யாருக்கும் உதவாமல் போகட்டும் என்று மாத்திரைகளைப் பிதுக்கி மண்ணெண்ணெயில் ஊறவைத்துவிட்டு வெறும் அட்டையைத்தான் மாட்டியிருந்தான்.

குஸ்ரினி சுகாதார நிலையத்துக்குப் போன் செய்தாள். அடுத்த முறை வரும் தேதிக்கு முன்னால் அந்த மாத்திரை தரமாட்டோம், விதி அப்படி என்று கவுண்ட்டரில் ஒருவன் கொட்டாவியோடு சொன்னான். டாக்டரம்மாவிடம் பேச வேண்டும் என்றாள். டாக்டரம்மா பயிற்சி வகுப்புக்குப் போயிருக்கிறாள் என்றான். சரி, குரலை அடக்குவது பெரிய மாத்திரைதானே, சின்னது நாலு நாள் இல்லாவிட்டால் குடி முழுகியா போய்விடும் என்று அவளும் நினைத்துவிட்டாள். கூட்டிய அளவில் பெரிய மாத்திரையை மட்டும் கொடுத்து வந்தாள்.

விருந்தன்று மத்தியானம் ஊர்த்தலைவர் வீட்டு முன்னால் பந்தலில் இடமில்லை. வேர்க்கடலைச் சட்னி ஊற்றிய சோற்றுத் தட்டுகளோடு சனங்கள் மதில்மேல் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். சுன்னத்து செய்த பையன் சரிகைச் சட்டையில், கால்களை அகட்டிக்கொண்டு, ராஜாவைப் போல நாற்காலியில் இருந்தான். ஹர்தோயோ கறுப்புச் சட்டையில் முன்வரிசையில் இருந்தான்.

வியோனோ நன்றாகத்தான் ஆரம்பித்தான். உடம்பு கொஞ்சம் கட்டை போல இருந்தது, அவ்வளவுதான். பறை ஏறியது. இரண்டாம் சுற்றில் அவன் தலை இடப்பக்கம் திரும்பியது. திரும்பியது திரும்பியபடியே நின்றது. தோளைத் தாடை தொடும் அளவுக்கு முறுக்கியது. கண்மணிகள் மேலே ஏறின, வெள்ளை மட்டும் தெரிந்தது. முதுகு வில்லாக வளைந்தது. நாக்கு தடித்து வாய்க்கு வெளியே வந்து நின்றது.

கூட்டம் எழுந்துகொண்டு கத்தியது. இப்படியொரு ஆவி இந்த ஊரில் இறங்கிப் பல வருஷமாகிறது.

"புலி! மலப்புலி!" என்று அறிவித்தார் கிமுன். மூங்கில் குதிரை ஒரு பக்கம் விழுந்து கிடந்தது. அவர் சாட்டையை மூன்றுமுறை மண்ணில் அடித்துவிட்டு, சாம்பிராணிப் புகையை அவன் முகத்தில் விசிறினார். "யாரப்பா நீ? எந்த மலையிலேருந்து வந்திருக்க? பேரச் சொல்லு!"

வியோனோ "ங்... ங்..." என்றான்.

"பழைய பாஷ பேசுது" என்று விளக்கினார் கிமுன். காசு வந்து விழுந்தது.

குஸ்ரினி மதிலோரம் பெண்களோடு நின்றிருந்தாள். ஆவி இறங்கியவர்களை அவள் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறாள். ஒருவனும் அழுததில்லை. வியோனோவின் மேலேறிய கண்களிலிருந்து தண்ணீர் காதுப்பக்கமாக வழிந்துகொண்டிருந்தது. அவன் வலதுகை மட்டும், யார் கண்ணிலும் படாமல், தன் கழுத்தைப் பிடித்து நேராக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

கிமுன் ஒரு தட்டு நிறைய ரோஜா இதழை எடுத்தார். ஆவிக்குத் தீனி. நாக்கு விறைத்து, விழுங்க முடியாமல் எச்சில் ஒழுகிக்கொண்டிருந்தவன் வாய்க்குள் ஒரு கைப்பிடியைத் திணிக்கப் போனார்.

குஸ்ரினி ஆட்டக்களத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி ஓடி அவர் கையைத் தட்டிவிட்டாள்.

"ஏய்! ஆவி இருக்கற எடத்துல பொம்பள வரக்கூடாது!"

"ஆவியா? மூச்சுக்குழாய்ல பூவ அடச்சுக் கொன்னீங்கன்னா அப்பறம் நெசமாவே ஆவிதான். தள்ளுங்க பெரியவரே!"

"குடும்ப மானம், குஸ்ரினி! மானம்!" என்று முன்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஸ்கூட்டரின் பின்னால் தம்பியை உட்காரவைத்து, ஆட்டக்காரனின் இடுப்புத் துண்டை அவிழ்த்து இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். வழியெல்லாம் அவன் கழுத்து அவள் தோளில் இடித்துக்கொண்டே வந்தது. கரும்பு லாரிக்காரன் ஒருவன் பக்கத்தில் வந்து பார்த்துவிட்டு, "குடிச்சிருக்கானா?" என்று சிரித்தான். அவனுக்கு அவள் சொன்ன பதிலை இங்கே எழுதுவதற்கில்லை.

டாக்டர் நிங்ரும் அவனைப் பார்த்ததும் ஒன்றும் கேட்கவில்லை. ஊசியைத்தான் முதலில் எடுத்தாள். அழுந்திப்போன எதிர்த்தட்டைத் தூக்கிவிடும் ஊசி. சின்ன மாத்திரை செய்யும் அதே வேலை, ஆனால் ரத்தத்தில் நேராகப் போவதால் வேகம் அதிகம். ஒரு குவளை காப்பி ஆறுகிற நேரத்தில் கண்மணி கீழே இறங்கியது. அப்புறம் நாக்கு உள்ளே போனது. கழுத்து, துருப்பிடித்த கீலைப் போலக் கொஞ்சம் கொஞ்சமாக நேரே திரும்பியது. வியோனோ நீளமாக மூச்சு விட்டான்.

"சின்ன மாத்திரைய ஏன் நிறுத்தினீங்க?"

"நான் நிறுத்தல. எங்க வீட்டுக்காரர் அத எமன்னு சொல்லி ஊர்ச் சாவடியில மாட்டிட்டாரு."

"உங்க வீட்டுக்காரர் என்ன படிச்சிருக்காரு?"

"செல்போனுக்கு ரீசார்ஜ் போடுவாரு."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "போன் பண்ணியிருக்கலாமே?" என்றாள்.

"பண்ணேன். உங்க ஆளு கொட்டாவி விட்டாரு. நீங்களும்தான், சேத்துக் குடுன்னீங்க, ஏன்னு சொன்னீங்களா? காரணம் தெரிஞ்சிருந்தா நான் மண்ணெண்ணெயில போட விட்டிருப்பேனா, இல்ல பெரிய மாத்திரையத்தான் தனியாக் குடுத்திருப்பேனா?"

டாக்டரம்மாவின் சிரிப்பு நின்றது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, வாசலில் நிற்கிறவர்களை நிற்கவிட்டுவிட்டு, தராசையும் வாசலையும் தாளில் வரைந்து காட்டி அக்காவுக்கும் தம்பிக்கும் சொன்னாள். வியோனோ முழுவதையும் கேட்டான். கேட்டுவிட்டு, "எனக்கு இனி எதுவும் வேணாம்" என்றான்.

"நிறுத்தினா குரல் திரும்ப ஏறும்."

"குரல் என்னத் திட்டும். ஆனா கழுத்தத் திருகாது."

"அது நியாயம்தான்" என்றாள் டாக்டரம்மா. "வேற மருந்தும் இருக்கு. சிலது கழுத்தத் தொடாது, ஆனா ஒடம்பு பெருக்கும், சர்க்கரை ஏறும். சிலது ஆம்பளைக்கே மாரு கட்டி பால் வரவைக்கும். பல வருஷம் தின்னா வாய் தானா அசைபோடறதும் உண்டு, மாடு மாதிரி. கடிக்காத மருந்து எங்கிட்ட ஒண்ணும் இல்ல. உனக்கு எது கம்மியா கடிக்குதுன்னு பாக்கலாம். இப்போதைக்குப் பெரிய மாத்திரைய பழைய அளவுக்கே கொறைக்கறேன். சின்னத இப்பவே கையில தர்றேன், ஒரு நாள்கூட விடாத. ஒரு எடத்துல உக்காரவும் முடியாம நிக்கவும் முடியாம தொடை குடைஞ்சா, அது பைத்தியம் முத்தறதுன்னு நெனச்சிடாத. அதுவும் மாத்திரைதான். உடனே வா."

இவ்வளவு வெளிப்படையாக ஒருத்தி தன் சரக்கைத் தானே மட்டம் தட்டி விற்று வியோனோ பார்த்ததில்லை. "யோசிக்கறேன்" என்றான்.

வீட்டுக்கு வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. முன்கூடத்தில் ஊர்த்தலைவர், கிமுன், ஹர்தோயோ மூவரும் வாழையிலைப் பணியாரமும் காப்பியுமாக உட்கார்ந்திருந்தார்கள். ஹர்தோயோ ஓடிவந்து மைத்துனனின் கையைப் பிடித்தான். அந்தப் பழைய முகம். ஆனால் இம்முறை உருக்கத்தோடு பெருமையும் சேர்ந்திருந்தது.

"வாப்பா, வா! தலைவரே உன்னப் பாக்கணும்னு வந்திருக்காரு. அப்பவே நான் சொன்னேன், எங்க குடும்பத்துல ஏதோ ஒரு சக்தி இருக்குன்னு."

எப்போது சொன்னான் என்று குஸ்ரினி யோசித்துப் பார்த்தாள். காலையில் அவன் சொன்னது "கொல்லன்கிட்ட கதவு ரெடியான்னு கேட்டுக்கிட்டு வரேன்" என்பது.

"புலி இவன விடாது" என்றார் கிமுன். "ஆகஸ்ட் சுதந்திர விழாவுக்கு இவன்தான் நடுவுல ஆடணும். ஆனா ஒண்ணு. ஆஸ்பத்திரி மாத்திரை உள்ள இருந்தா புலிக்கு ஆகாது. இன்னியோட நிறுத்திடணும்."

"நிறுத்திட்டாப் போச்சு" என்றான் ஹர்தோயோ. "அந்த ஓய்வறைகூட இனித் தேவையில்லன்னுதான் நெனைக்கறேன்."

ஊர்த்தலைவர் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பு ஊரில் சட்டம்.

குஸ்ரினி மனதுக்குள் கணக்குப் போட்டாள். கதவு மாட்டப்போவதில்லை. இத்தனை மாதம் அவள் வேண்டிக்கொண்டது அதைத்தான். பேசாமல் இருந்தால் போதும், கையில் வந்து விழுகிறது. மூன்று கிறுக்கர்களும் புலி என்றே நம்பிக்கொண்டு போகட்டும். மாத்திரையைக் கமுக்கமாகக் கொடுத்துக்கொள்ளலாம். ஆனால் மாத்திரை ஒழுங்காகப் போனால் புலி வராது. புலி வரவில்லையென்றால் ஆகஸ்டில் கிமுன் என்ன செய்வார்? கண்ணாடியை மெல்லச் சொல்வார். மாத்திரையை நிறுத்தினால் குரல் கத்தும், கத்தினால் இந்த மனுஷன் மறுபடி கொல்லனைத் தேடிப் போவான். எந்தப் பக்கம் சுற்றினாலும் வழி அந்த அறைக்குத்தான் போகிறது.

அவள் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் வியோனோ பேசிவிட்டான்.

"தாத்தா, அது புலி இல்ல. கழுத்துப் பிடிப்பு."

கிமுனின் வாயில் பணியாரம் கடித்தபடியே நின்றது.

"நான் முழிச்சுத்தான் இருந்தேன். முழு நேரமும். நீங்க எந்த மலைன்னு கேட்டீங்களே, காதுல விழுந்துச்சு. டாக்டரக் கூப்புடுங்க, டாக்டரக் கூப்புடுங்கன்னு நான் கத்தறேன். நாக்கு வரல. நீங்க அதப் பழைய பாஷன்னு சொல்லிட்டீங்க."

ஊர்த்தலைவரின் மீசை லேசாக ஆடியது. "அப்ப அந்த மாத்திரைதான் இப்படிப் பண்ணிச்சா?"

"பாத்தீங்களா!" ஹர்தோயோ சட்டென்று மறுபக்கம் தாவினான். நாக்கில் வைத்த காப்பி இறங்குவதற்குள் கட்சி மாறுகிற சாமர்த்தியம் அவனுக்குப் பிறவியிலேயே உண்டு. "நான் சொன்னேன்ல, மாத்திரைதான் இவனக் கெடுக்குதுன்னு! நாளைக்கே கதவ மாட்டிடறேன். பாதுகாப்பா இருப்பான்."

இப்போது குஸ்ரினிக்கு ஒரு யோசனையும் தேவைப்படவில்லை.

"ஆமாங்க தலைவரே, மாத்திரைதான்" என்றாள். "ரெண்டு மாத்திரை. ஒண்ணு கொரலக் கட்டும், அப்படியே கழுத்தையும் கட்டப் பாக்கும். இன்னொண்ணு கழுத்த அவுத்து விடும். அவுக்கற மாத்திரைய யாரோ எடுத்துட்டாங்க. யாருன்னு தெரியணும்னா சாவடிக்குப் போய்ப் பாருங்க, பலகையில அட்டை தொங்குது. நீங்கதானே நாலு நாள் முந்தி திறந்து வச்சீங்க?"

"அதுவா?" என்றார் தலைவர். "இளைஞர்களின் எமன்?"

"அதேதான். இவரு கண்டுபுடிச்ச எமன்."

"பயிற்சியில படத்துல..." என்று ஆரம்பித்தான் ஹர்தோயோ.

"ஏம்பா, ரிப்பன் வெட்ட என்னக் கூப்புட்டது உம் மச்சான் மருந்துக்கா?" தலைவருக்குச் சிரிப்பு வந்தது. முதலில் மீசைக்குள், பிறகு வயிற்றில். அடுத்தவீட்டு ஜன்னலில் இரண்டு தலைகள் தெரிந்தன. அவை ஏற்கெனவே சிரித்துக்கொண்டிருந்தன. "போதை ஒழிப்புத் தலைவரு! சொந்த ஊட்டு ஆளு மருந்த ஒழிச்சிருக்காரு! சரி, கொல்லையில என்னமோ இரும்புக் கதவுன்னியே, அது என்ன?"

ஹர்தோயோ ஜன்னலைப் பார்த்தான், தலைவரைப் பார்த்தான். ஊரில் ஒருவன் எதை வேண்டுமானாலும் தாங்கிக்கொள்வான், தலைவர் சிரித்தால் தாங்க மாட்டான்.

"அது... ஆட்டுக்கு" என்றான்.

"உங்கிட்ட ஆடே இல்லயே?"

"வாங்கப்போறேன்."

கிமுன் சிரிக்கவில்லை. எழுந்து தாயத்துகளைச் சரிசெய்துகொண்டார். வாசலில் நின்று வியோனோவிடம், "எல்லார் முன்னாலயும் கழுத்துப் பிடிப்புன்னு சொன்னவன் இனி எங் குதிரையத் தொடக்கூடாது. நாளைக்கு நெசமாவே ஆவி வந்தாலும் சனம் பிடிப்பான்னு கேக்கும். என் தொழிலே போச்சு" என்றார்.

வியோனோவின் தாடை இறுகியது. அது மருந்தால் அல்ல. அவனுக்கு இந்த உலகத்தில் நன்றாகத் தெரிந்தது அந்த ஆட்டம் ஒன்றுதான். குஸ்ரினி கிழவரின் முதுகைப் பார்த்து, அவருக்குக் கேட்கும்படியாகவே காறித் துப்பினாள்.

அறை கட்டி முடியவில்லை. கொல்லன் முன்பணத்தைத் திருப்பித் தரமாட்டேன் என்று கதவைக் கொண்டுவந்து சுவரில் சாய்த்துவிட்டுப் போனான். ஹர்தோயோ ஊர் வாயை மூடுவதற்காக நிஜமாகவே இரண்டு ஆடு வாங்க வேண்டியதாயிற்று.

அது பின்னால் நடந்தது. அன்று சாயங்காலம் எல்லோரும் போனபிறகு, வியோனோ தாளில் டாக்டரம்மா வரைந்த தராசை விரித்து வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு தானாகவே இரண்டு மாத்திரையையும் உள்ளங்கையில் போட்டு, "கேடுகெட்ட மருந்து" என்று சொல்லிவிட்டு விழுங்கினான். எழுந்து முற்றத்தில் நடக்க ஆரம்பித்தான். போனான், வந்தான், போனான், வந்தான்.

குஸ்ரினி வாசற்படிக்கு வந்தாள். "கொரலா?"

"இல்ல. காலு. உக்கார விடமாட்டேங்குது. உள்ளேருந்து எறும்பு ஊர்ற மாதிரி."

"டாக்டரம்மா சொன்னதா?"

"அதுதான்னு நெனைக்கறேன். ஏத்தின அளவு இன்னும் ஒடம்புல இருக்கும்ல? நாளைக்குப் போய்க் கேப்போம். கொறைக்கலன்னா சண்டை போடுவோம்."

"போடுவோம்" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு அவளும் கூட நடந்தாள்.

உள்ளேயிருந்து ஹர்தோயோ குரல் கொடுத்தான். "காப்பி ஒண்ணும் கிடையாதா இந்த வீட்டுல?"

"அடுப்பு உள்ளதான் இருக்கு. எமன் ஒண்ணும் அதுல இல்ல, பயப்படாம பத்த வைங்க" என்றாள் குஸ்ரினி, நடையை நிறுத்தாமல்.